பிணையாளியின் கையெழுத்து

இடம்பெயர்ந்து, முகாமில் காலம் கழித்து, 2010இல் முத்தையன்கட்டுக்குத் திரும்பி வந்த செல்வநாயகம், வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டான் வங்கிக்குப் போனார். சண்டைக்கு முன் பயிர்ச்செய்கைக்கென்று எடுத்த நாற்பதினாயிரம் ரூபாயில் பாதி இன்னும் கட்ட இருந்தது.

“பழைய ஏடுகள் ஒண்டும் இஞ்ச இல்லை ஐயா. வீட்ட போங்கோ” என்றார்கள்.

“என்ர புத்தகம் என்னட்ட இருக்கு” என்று சொல்லி அவர் ஒரு பொலித்தீன் பையை மேசையில் வைத்தார். பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி தூக்கித் திரிந்த பை அது. கணக்கைத் தேடிப் பிடிக்க வங்கிக்கு எட்டு மாதம் பிடித்தது. அவர் இரண்டு போக நெல்லை விற்றுக் கட்டி முடித்தார்.

அப்படிப்பட்ட மனிதர். சண்டிலிப்பாயிலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி பெற்ற தகப்பனிடமிருந்து அவருக்கு வந்தது மூன்று ஏக்கர் வயல். கடையில் சீனி வாங்கினாலும் காசு கொடுத்துத்தான் வாங்குவார். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் பொருளாளர் பதவிக்குப் பதினொரு வருடமாக வேறு பெயர் யாரும் சொன்னதில்லை.

பிள்ளைகள் இரண்டு. மகன் சுகிர்தன் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டுக் கிளிநொச்சியில் ஓர் இரும்புக்கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். அறை எடுத்துத் தங்கியிருந்து சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான். “பொறுப்பில்லாதவன்” என்று தகப்பன் அவனைப் பற்றிச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. 2022 ஜூலையில், பெட்ரோல் இல்லாத அந்த நாள்களில், மாங்குளத்தில் பஸ்ஸால் இறங்கிச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை ஒரு வாகனம் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. இறக்கும்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது. அதற்குப் பிறகு செல்வநாயகம் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. மகள் தேனுகா இப்போது வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

கடந்த ஆவணியில், மாரிமழையோடு தொடங்கும் காலபோக உழவுக்கு முன்னர் இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று வாங்குவதற்காக, நாலு லட்சம் ரூபாய் கடன் கேட்டு வங்கியில் விண்ணப்பம் கொடுத்தார். முழங்கால் வருத்தம். வாடகை மெசினுக்காக ஒவ்வொரு போகமும் பிறர் வாசலில் போய் நிற்கவும் அவருக்கு இனி விருப்பமில்லை. பத்து நாளில் கடன் பகுதி அலுவலர் யதுர்ஷிகா கூப்பிட்டனுப்பினாள். அவரைக் கதிரையில் இருத்திவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“ஐயா, உங்கட கிரிப் அறிக்கை வந்திருக்கு. நாட்டில ஆர் எங்க கடன் எடுத்தாலும் அதில பதிவாகும். உங்கட பேரில ஒரு நிலுவை நிக்குது.”

“நான் ஒரு இடமும் எடுக்கேல்லைப் பிள்ளை.”

“நீங்கள் எடுத்ததில்லை. பிணை நிண்டிருக்கிறியள். கிளிநொச்சியில ஒரு நிதி நிறுவனம், 2021ஆம் ஆண்டு. ஒன்பதாயிரத்து நானூற்றைம்பது ரூபாய் மூண்டு வருசத்துக்கு மேல கட்டாமல் கிடக்கு.”

“ஆருக்குப் பிணை?”

“அந்தப் பேர் இதில இல்லை ஐயா. பிழையாவும் வந்திருக்கலாம். நேரில போய்க் கேட்டு ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ. அது தீராமல் என்னால உங்கட விண்ணப்பத்தை மேல அனுப்பேலாது.”

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவர் அவசரமாக எழும்பினார். பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கமக்காரர் அமைப்பின் தலைவர் ராஜரத்தினத்தின் வீட்டுக்குப் போய், எப்போதும் தன் பையிலேயே வைத்திருக்கும், பெட்டகத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பையும் காசுப் புத்தகத்தையும் அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னார்.

“உனக்கென்ன விசரே? ஒன்பதாயிரம் ரூபாய்க்கோ?” என்றார் ராஜரத்தினம்.

“ஒன்பது ரூபாயெண்டாலும் என்ர பேர் அதில கிடக்கு. அது தீருமட்டும் ஊர்க்காசு என்ர கையில இருக்கக்கூடாது.”

ராஜரத்தினம் எவ்வளவு சொல்லியும் திறப்பைத் திரும்ப எடுக்கவில்லை.

வீட்டில் மனைவி விமலேஸ்வரியிடம், யாரோ தன் பெயரைப் பாவித்துக் கடன் எடுத்திருக்கிறார்கள் என்றார். எந்த இடம் என்று கேட்டாள். கிளிநொச்சி என்றார். அவள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடாததை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் கச்சான் கடலை விற்ற காசில் பன்னிரண்டாயிரத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தான் கட்டவேண்டிய காசல்ல என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

நிறுவனத்தில் நிஷாந்தன் என்ற இளம் அலுவலர் அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தான். முதல் தாளைப் புரட்டி அவர் பக்கம் திருப்பினான். அடையாள அட்டைப் பிரதியிலிருந்து சுகிர்தன் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்வநாயகம் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உங்கட ஆளோ ஐயா?”

“மகன்.”

“அவரை நாங்கள் பிடிக்கேலாமல் போச்சு. அறைக்குப் போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்திட்டுது. போனும் வேலை செய்யேல்லை. உங்களுக்கு எண்டு தந்த நம்பரும் அவரின்ர நம்பர்தான்.”

“அவன் இல்லைத் தம்பி. செத்து மூண்டு வருசம்.”

நிஷாந்தன் கையிலிருந்த பேனையை வைத்துவிட்டான். பிறகு மெதுவாக விவரம் சொன்னான். 2021 செப்டெம்பரில் தவணைக்கு எடுத்த ஒரு கைத்தொலைபேசி. ஆறாயிரம் ரூபாய் முற்பணம். மிச்சம் பன்னிரண்டு மாதத்தில், மாதம் மூவாயிரத்து நூற்றைம்பதாக.

செல்வநாயகத்துக்கு அந்தச் செப்டெம்பர் நினைவுக்கு வந்தது. கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தன. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த தேனுகா, வகுப்பெல்லாம் போனில்தான் நடக்கிறது என்று அழுதாள். தவணைக்கு எடுப்போம் என்று சுகிர்தன் கேட்டான். “கடன்பட்டுப் படிக்கிற படிப்பு இந்த வீட்டில வேண்டாம்” என்று அவர் சொல்லிவிட்டார். இரண்டு சனிக்கிழமை கழித்து அவன் ஒரு போனோடு வந்தான். சிநேகிதன் ஒருவன் பாவித்துவிட்டுத் தந்த பழைய போன் என்றான். அவர் அதை நம்பினார்.

நிஷாந்தன் கட்டண விவரத் தாளைக் காட்டினான். ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதிக்குள் கட்டவேண்டும். ஒக்டோபர் எட்டு. நவம்பர் ஒன்பது. டிசெம்பர் ஏழு. அப்படியே ஒன்பது தவணை, ஒன்றுகூடப் பிந்தவில்லை. சாமானெல்லாம் விலையேறி, கடையில் அவனுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்த மாதங்களிலும் திகதி தவறவில்லை. கடைசியாகக் கட்டியது 2022 ஜூன் எட்டு. அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

செல்வநாயகம் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். திரும்பவும் மேலிருந்து பார்த்தார்.

“ஐயா, இன்னுமொண்டு” என்று நிஷாந்தன் கடைசித் தாளை எடுத்தான். “பிணையாளியின்ர கையெழுத்து. இது நீங்கள் வைச்சதோ?”

அவருடைய கையெழுத்துப் போலத்தான் இருந்தது. ஆனால் அவர் தன் பெயரின் முதல் எழுத்தைத் தனியாக நிறுத்திவிட்டு மற்றதைக் கோத்து எழுதுவார். இதில் எல்லாமே தொடுத்திருந்தது. இரண்டாவது எழுத்துக்கு மேல் பேனை ஒரு கணம் தயங்கி நின்ற மை தெரிந்தது. இதற்கு முன் எத்தனை தாளில் எழுதிப் பழகியிருப்பானோ என்று அவர் நினைத்தார்.

“உங்கட இல்லையெண்டால் ஒரு முறைப்பாடு எழுதித் தாங்கோ. விசாரிச்சு உங்கட பேரை எடுத்துவிடுவினம். நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.”

“விசாரிச்சால் என்ன எழுதுவினம் தம்பி?”

நிஷாந்தன் தயங்கினான். “கடன் எடுத்தவர் கள்ளக் கையெழுத்து வைச்சவர் எண்டு.”

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்ணின் குழந்தை சிணுங்கியது. செல்வநாயகம் அந்தத் தாளை இன்னொரு தடவை பார்த்தார்.

“ஓம், என்ர கையெழுத்துத்தான்” என்றார்.

நிஷாந்தன் அவர் முகத்தைப் பார்த்தான். விவரம் கேட்டு வந்தவுடன் அவர் எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பத் தாளில் அவருடைய உண்மையான கையெழுத்து அவன் கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழும்பி முகாமையாளரின் அறைக்குப் போய்வந்து, மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பிறகு அனுப்பினால் தண்டப்பணத்தைத் தள்ளிவிடலாம் என்றான். செல்வநாயகம் ஒன்பதாயிரத்து நானூற்றைம்பதை எண்ணிக் கொடுத்தார். கடன் முடிந்ததென்ற கடிதம் வந்தது.

“அந்தக் கட்டின திகதி இருக்கிற தாளில எனக்கொரு பிரதி தருவியளோ?” என்று கேட்டார். நிஷாந்தன் அச்செடுத்து, கடித உறையில் போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது விமலேஸ்வரி வாசலிலேயே நின்றாள். அவர் வாய் திறக்க முன் அவள் சொல்லிவிட்டாள்.

“நான்தான் அலுமாரியிலயிருந்து உங்கட ஐடென்டிக் கார்ட் பிரதியை எடுத்துக் குடுத்தனான். என்னத்துக்கு எண்டு சொல்லிப்போட்டுத்தான் வாங்கினவன். கட்டி முடிச்சாப் பிறகு தானே அப்பாவுக்குச் சொல்லுறன் எண்டவன். அவன் போனாப் பிறகு எனக்கு ஒண்டும் நினைவில வரேல்லை. நேற்று நீங்கள் கிளிநொச்சி எண்டு சொல்லத்தான்…”

“நேற்றே ஏனப்பா சொல்லேல்லை?”

“செத்த பிள்ளையைப் பேசுவியள் எண்டு பயந்தன்.”

அவர் கதிரையில் இருந்தார். உறையிலிருந்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பார்த்து முடித்தவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள்.

“ஒரு மாசமும் பிந்தேல்லை” என்றார் அவர். “நான் அவனைப் பற்றி என்னவெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்.”

“கையெழுத்து?” என்று அவள் கேட்டாள்.

“அது என்ரதுதான். அப்பிடித்தான் சொல்லிப்போட்டு வந்தனான்.”

தேனுகாவுக்குச் சொல்வதா விடுவதா என்று இரண்டு பேரும் சில நாள் யோசித்தார்கள். அவளுக்குப் பாரமாகிவிடும் என்று தாய் பயந்தாள். தன் தமையன் என்ன செய்தான் என்று தெரியாமல் அவள் படித்து முடிக்கக்கூடாது என்றார் தகப்பன். விடுமுறைக்கு வந்தபோது தாளை அவளிடம் கொடுத்தார்கள். அவள் அதைத் தன் அறைக்குள் கொண்டுபோனாள். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தாள். கையெழுத்து விஷயத்தைத் தாயும் தகப்பனும் அவளிடம் சொல்லவில்லை.

பதிவு திருத்தப்பட்டு வர இரண்டு மாதம் சென்றது. நிலுவை இல்லை என்று காட்டியது. ஆனால் முன்பு கட்டாமல் கிடந்த காலம் அழியாது, சில வருடம் அப்படியே தெரியும் என்று யதுர்ஷிகா சொன்னாள். அதற்குள் மழை தொடங்கி, அவர் வாடகை மெசின் பிடித்து உழுது விதைத்துவிட்டார். கேட்ட நாலு லட்சத்தில் மூன்றுதான் கிடைத்தது. அதுவும் தை மாதத்தில். மிச்சத்துக்குக் கச்சானும் இரண்டு மாட்டுக் கன்றுகளும் போயின.

திறப்பும் காசுப் புத்தகமும் ராஜரத்தினம் வீட்டு மேசையில் அவர் வைத்த இடத்திலேயே கிடந்தன. கடன் முடிந்த கடிதத்தைச் செல்வநாயகம் அமைப்பின் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசித்துக் காட்டினார். யாருக்குப் பிணை நின்றாய் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“மகனுக்கு” என்றார் செல்வநாயகம். “பிள்ளை ஒழுங்காக் கட்டினவன். கடைசி மூண்டும் நான் கட்டவேண்டியது. பிந்திப்போச்சு.”

ராஜரத்தினம் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்த திறப்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.