மோதிர விரலுக்கு ஒரு கீபோட்

முதல் வந்த அறிகுறி செருப்புத்தான். கரம்பொன்னில பஸ்சால இறங்கி வீட்டை நடந்து வந்தனான். அம்மா படலையடியில நிண்டு, "மற்றச் செருப்பு எங்கை பிள்ளை?" எண்டு கேட்டா. குனிஞ்சு பாத்தால் ஒரு கால் வெறுங்கால். கழண்டது எனக்குத் தெரியேல்லை. கல்லும் முள்ளும் கிடக்கிற ஒழுங்கை அது.

அதுக்கு முந்தின கிழமைதான் வயித்தோட்டம் வந்து மாறினது. இப்ப விரல் நுனியெல்லாம் விறைச்சுது. பிறகு படி ஏற ஏலாது. பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க ஏலாது. அண்ணாதான் என்னைத் தூக்கி ஓட்டோவில ஏத்தினவன்.

ஆசுப்பத்திரியில முதுகில ஊசி போட்டு நீர் எடுத்தவை (முள்ளந்தண்டைச் சுத்தி இருக்கிற நீரைச் சோதிக்க). கீலன் பரே எண்டு சொன்னவை (உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தி, சொந்த நரம்பையே அடிக்கிற வருத்தம்). டொக்டர் அம்மா ஒளிக்காமல் சொன்னா. "இது கீழயிருந்து மேல ஏறும் பிள்ளை. பிறகு இறங்கும். ஏறிறது கெதியா, இறங்கிறது ஆறுதலா."

"கீபோட் வாசிக்க ஏலுமோ?" எண்டு கேட்டன்.

"முதல்ல மூச்சைப் பாப்பம்" எண்டா.

வருத்தம் மூச்சையும் பிடிச்சுது. தொண்டைக்குள்ள குழாய் வச்சு மெசினில போட்டவை. எல்லாம் கேக்கும், ஒண்டும் அசையாது. இந்த வருத்தக்காரரைப் பாக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு கண்டதையும் கதையாதேங்கோ. எங்களுக்குக் கேக்கும்.

எனக்குப் பக்கத்தில நிண்டு ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. அதிலயே நான் விளங்கியிருக்க வேணும். என்னைப் பாக்க மோட்டச்சைக்கிளில வரேக்க பண்ணைப் பாலத்தில அண்ணாவை லொறி அடிச்சிட்டுது. செத்தவீடு முடிஞ்சு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சு, என்னை வாட்டுக்கு மாத்தின பிறகுதான் அம்மா சொன்னா. என்ர காலைத் தடவித் தடவிச் சொன்னா. தடவினது எனக்குத் தெரியேல்லை. சொன்னது மட்டும் கேட்டுது. அழேக்க கண்ணைத் துடைக்கக் கை எழும்பேல்லை. நேர்ஸ் மிஸ்தான் துடைச்சுவிட்டவ.

அண்ணா பாடிறவன். நான் வாசிக்கிறனான். கோயில் பஜனை, கலியாணவீடு எண்டு எங்கடை தீவுக்குள்ள கூப்பிட்ட இடமெல்லாம் போவம். நான் பள்ளிக்கூடத்தில ஒழுங்காப் படிக்கேல்லை, சங்கீதமும் ஆரிட்டையும் படிக்கேல்லை. அவன் பாடப் பாட விரல் வைக்கிற இடத்தைப் பிடிச்சுக்கொண்டனான், அவ்வளவுதான்.

வீட்டை வந்து கனநாளா அம்மாதான் சோறு தீத்தினவ. பயிற்சி சொல்லித் தாற பிசியோ மிஸ், "கீபோட் இருந்தால் அதை விட நல்ல பயிற்சி இல்லை" எண்டா. ஆனால் அண்ணாவின்ர ஆட்டைத்திவசம் (முதலாம் வருசத் திவசம்) முடியும் வரைக்கும் வீட்டில பாட்டுச் சத்தம் கூடாது. அதனால கீபோட்டுக்குப் பதிலாப் புட்டுக்கு மா குழைச்சன். விரலுக்கு இருப்புக் கொள்ளேல்லை. சோறு தின்னேக்கையும் கோப்பை விளிம்பில தட்டிக்கொண்டிருக்கும். பழைய கீபோட் ஒரு வருசம் உப்புக் காத்தில கிடந்து அரைவாசிக் கீ செத்துப்போச்சு.

திவசம் முடிஞ்ச கையோட அம்மா சொன்னா, "வருசம் முடிஞ்சுது பிள்ளை. போய் ஒண்டு எடுப்பம்."

"உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு அண்ணா செத்தது உங்களுக்குப் பிறகுதானே."

"விசர்க் கதை கதையாதை. வெளிக்கிடு."

வெளிக்கிட்டன். வேண்டாமெண்டும் கிடந்தது, ஓடிப் போகவேணும் போலயும் கிடந்தது.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் என்ர நடுக்கத்தைப் பாத்திட்டு, "கை நடுங்குது, கடைக்குள்ள குளிரோ தங்கச்சி?" எண்டு பகிடி விட்டார். முதல்ல பியானோ மாதிரிப் பெரிசு ஒண்டைக் காட்டினார். கீ எல்லாம் பாரம். கொஞ்ச நேரத்தில மோதிர விரல் மடிஞ்சு விழுந்திட்டுது.

இந்த வருத்தத்தோட வாத்தியம் வாங்கப் போறியளெண்டால் முதல் வாசிக்கிற வாசிப்பை நம்பாதேங்கோ. விரல் களைச்ச பிறகும் இருந்து வாசியுங்கோ. கடைக்காரர் முறைச்சால் முறைக்கட்டும்.

பிறகு இலேசான கீ உள்ளது ஒண்டு. அண்ணா எப்பவும் முதல் பாடிற பாட்டை அதில எடுத்தன். விரல் சரியான இடத்தில நிக்குது, சத்தம் வேற எங்கையோ நிக்குது.

"அம்மா, காதும் போட்டுது" எண்டன்.

"எனக்கு வடிவாத்தானே கேக்குது."

"இல்லை, எல்லாம் ஏறிக் கிடக்கு. நரம்பு வருத்தம் காதுக்கும் வந்திட்டுது."

கடைக்காரர் வந்து, "பொறும்" எண்டு ஒரு பொத்தானை ஒண்டொண்டா அமத்தி அமத்திச் சுருதியை இறக்கினார். மூண்டாந்தரம் நான் நிப்பாட்டச் சொன்னன்.

"மைனஸ் மூண்டு. உம்மடை பழைய கீபோட்டில பாட்டுக்காரன்ர தொண்டைக்கு இறக்கி வச்சிருக்கினம். சில கீபோட் அணைச்சாலும் அப்பிடியே நிக்கும். இது தெரியாமலோ இவ்வளவு நாளும் வாசிச்சனீர்?"

"தெரியாது அண்ணை."

அம்மா மெல்லமாச் சொன்னா, "அது இவளின்ர தமையன்ர தொண்டை தம்பி. அவன் இப்ப இல்லை."

பிறகு அவர் பகிடி விடேல்லை. கதிரை ஒண்டு எடுத்துப் போட்டார். "உமக்குக் காது நல்லா இருக்கு. அதாலதான் வித்தியாசம் பிடிபட்டது" எண்டார்.

அந்தக் கீபோட் மெல்ல அமத்தினால் மெல்லக் கேக்கும், இறுக்கி அமத்தினால் பெரிசாக் கேக்கும். என்ர மோதிர விரலுக்குச் சத்தமே இல்லை. "உந்த வித்தியாசத்தை நிப்பாட்டிவிடுறன், எல்லா விரலும் ஒரே மாதிரிக் கேக்கும்" எண்டு நிப்பாட்டினார். உண்மைதான். கொஞ்ச நேரம் நான் வருத்தம் வராத பிள்ளை மாதிரி வாசிச்சன். அம்மா சிரிச்சா.

ஆனால் எந்த விரல் நிக்குது, எது விழுந்தது எண்டு தெரியாமல் போட்டுது. எனக்கு இப்ப விரல் நுனித் தோலில உணர்ச்சி அரைகுறை. விரல் இருக்கிறதே காதாலதான் தெரியும். "திரும்பப் போட்டுவிடுங்கோ அண்ணை" எண்டு கேட்டு, அதையே எடுத்துக்கொண்டு வந்தம்.

வீட்டில அதை வச்ச நாளிலயிருந்து ஒரு இடத்தில இருக்க முடியேல்லை. மூண்டு இறக்கி வாசிப்பன். அந்தச் சுருதியில அண்ணா பாடத் தொடங்கிற இடம் வந்தவுடனை கை தானா நிண்டிடும். அந்த இடம் வெறுமையாக் கிடக்கும். திரும்பச் சைபருக்கு ஏத்துவன். அதில வெறுமை இல்லை. அவன் நிக்கிற இடமே அதில இல்லை. அதுவும் பொறுக்க ஏலாமல் திரும்ப இறக்குவன். குசினிக்குள்ளயிருந்து அம்மா கத்துவா, "எடியே, ஏதாவது ஒண்டில நில்லன்."

நிக்க ஏலேல்லை. எந்தச் சுருதியில வாசிச்சாலும் மோதிர விரல் பிந்தித்தான் வருது. முந்தி நினைக்க முதல் விரல் போயிடும். இப்ப நினைச்ச பிறகும் கொஞ்சம் நிக்கவேணும். அந்த இடைவெளிக்குள்ளதான் நான் இப்ப இருக்கிறன். பாட்டு இழுபடுதெண்டு அம்மா சொல்லுறா. இழுபடட்டும். மற்ற விரலுகளைத் தூக்காமல், அது வந்து சேரும் வரைக்கும் அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்.