தேர்தலுக்கு வருகிறவள்

சட்டமன்றம் கலையப் போகிறது என்று மழைக்கோட்டோடு வாசலில் நின்றபடியே என் வீட்டுக்காரர் சொன்னார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளில் யார் நிற்பார், எந்தக் கட்சி வரும் என்று பேசியிருப்பார்கள். எனக்கு வந்த நினைப்பு ஒன்றுதான். தங்கச்சி வருவாள்.

தங்கச்சி ஜொகூர் பாருவில் இருக்கிறாள். தினமும் விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். தீபாவளிக்கு பினாங்கில் மாமியார் வீடு. பொங்கலுக்கு லீவு கிடையாது. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்குக் கண்டிப்பா வர்றேன் அக்கா என்பாள், அந்த வாரம் பார்த்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆனால் தேர்தல் என்றால் வந்துவிடுவாள். அவள் ஐசியில், அதுதான் அடையாள அட்டையில், இன்னும் எங்கள் லயத்து வரிசை வீட்டு விலாசம்தான் இருந்தது. ஐசியில் எந்த விலாசமோ அங்கேதான் ஓட்டு. நாங்கள் இரண்டு பேரும் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியில்தான் அவள் ஓட்டு.

அவள் மட்டுமில்லை. தோட்டத்தை விட்டுப் போன பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். அன்றைக்கு லயத்தில் கார் நிறுத்த இடமிருக்காது. கோழி வெட்டுவார்கள். ஓட்டுப் போட்ட விரலைக் காட்டிக் காட்டிப் படம் எடுப்பார்கள். எங்களுக்குத் தேர்தல்தான் பெரிய திருநாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும்.

நான் படிவம் இரண்டோடு படிப்பை நிறுத்தியவள். அம்மா படுத்த வருஷம் கொழுந்து பறிக்கப் போனேன், அப்படியே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எனக்குப் பயம் வரக் காரணமே வேண்டாம் என்பார் என் வீட்டுக்காரர். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தங்கச்சி விஷயத்தில் என் பயம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அவள் ஓட்டு இங்கிருந்து போய்விட்டால், அவள் வருவதற்கு வேறு என்ன இருக்கிறது?

அந்த மாதமே கட்சிக் கிளைக் கூட்டம் போட்டார்கள். வேட்பாளராக யார் வேண்டும் என்று எங்களிடம் கேட்பார்களாம், நாங்கள் சொல்கிற பேர் மேலே போகுமாம். லிப்பிஸ், ரவூப், பெந்தோங், தெமர்லோ என்று எல்லா மாவட்டத்துக் கிளைகளிலும் இப்படிப் பேர் கிளம்பி குவாந்தானுக்குப் போய், அங்கிருந்து கோலாலம்பூருக்குப் போய், பிறகு இறங்கி வருமாம். எங்கள் பகாங் மாநிலத்துத் தலைநகரம் அந்தக் குவாந்தான்தான், நான் பார்த்ததே இல்லை. மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கினால் தாப்பா வரும், அது பேராக், வேறு மாநிலம். நாங்கள் ஒரு பக்கம் இறங்குகிறோம், எங்கள் ஓட்டு இன்னொரு பக்கம் இறங்குகிறது.

மண்டபத்தில் கிளைச் செயலாளர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். என்னைவிட இளையவர், லோரி ஓட்டுகிறவர். லெம்பா பெர்த்தாமில் கோபிஸ், அதுதான் முட்டைக்கோஸ், போடுகிற ஒருவருடைய பேரைத்தான் எல்லோரும் சொன்னார்கள். சேறு வந்து வீடுகளை மூடிய சமயத்தில் ராத்திரி பகல் பாராமல் மண்வெட்டியோடு நின்ற மனிதர்.

"அவரு நின்னா எங்களுக்கெல்லாம் கோபிஸ் சும்மா கிடைக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டாள்.

"ஜெயிச்சா கிடைக்கும். தோத்தா அவரே நம்மகிட்ட கேட்டு வாங்கித் தின்னணும் லா" என்றார் செயலாளர்.

சிரித்தார்கள், கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஆனால் நான் போனது அதற்கில்லை. கூட்டம் கலைந்து செயலாளர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது கிட்டே போனேன்.

"தம்பி, வெளியூர்ல இருக்கிறவங்க பேர வெட்டிடுவாங்களா?"

"உங்க தங்கச்சிக்காகக் கேக்குறீங்களா அக்கா? போன தேர்தலுக்கும் இதான் கேட்டீங்க. நாங்க வேட்பாளர் பேரையே மேல காப்பாத்த முடியல, ஓட்டர் பேர எங்கிருந்து வெட்டுறது?"

அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. கோபிஸ்காரர் பேர் மேலே போனது, இறங்கி வந்ததோ வேறு ஒரு பேர். டவுனில் ஆபீஸ் வைத்திருக்கிறவராம், எங்கள் தோட்டத்துக்குள் வருவதற்கே வழி கேட்டு வந்தார். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் கட்சிச் சட்டையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கொடி கட்டப் போனார். போஸ்டரைப் படம் எடுத்து தங்கச்சிக்கு அனுப்பினேன். பதிலுக்குக் குரலில் பேசி அனுப்பினாள்: "அக்கா, இவரு சிரிக்கிறாரா, இல்ல பல்லு வலியா?" அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. பின்னால் அவள் வீட்டு விசில் சட்டி சத்தமும் கேட்டது.

செருப்பு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தேர்தலுக்கு முன்னால் கட்சிப் பையன்கள் வீடு வீடாக வந்து இந்த விலாசத்தில் யார் யார் என்று சரிபார்ப்பார்கள். சில வருஷங்களுக்கு முன் வந்த ஒருவன் தங்கச்சி பேரைப் படித்துவிட்டு, "இவங்க இங்க இல்லையே, ஆவி ஓட்டா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். விளையாட்டுக்குத்தான் கேட்டான். உயிரோடு இருக்கிற பிள்ளையை ஆவி என்று சொல்லிவிட்டானே என்று எனக்கு மனசு ஆறவில்லை. அந்தச் சனிக்கிழமையே பிரிஞ்சாங்கில் ராத்திரிச் சந்தைக்கு, பசார் மாலாமுக்குப் போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தேன். அவள் அளவு. என் கால் அகலம், அவளுக்குச் சின்னப் பாதம். அதை என் செருப்புக்குப் பக்கத்தில் வாசலில் போட்டேன். யார் வந்தாலும், டவுனுக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா என்பேன். மழையில் சேறு தெறிக்கும், கழுவி வைப்பேன். ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகப்படுவார்களோ என்று காலையில் கொஞ்சம் தள்ளி வைப்பேன்.

"செருப்புக்கும் ஓட்டு இருக்கா?" என்பார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க."

"அது இடது பக்கம்தான் சாயுது. எதிர்க்கட்சி."

சட்டமன்றம் கலைந்து வந்த அந்தத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தங்கச்சி கூப்பிட்டாள். டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். போனை வைக்கப் போகும்போது, "அக்கா, ஒரு விஷயம் இருக்கு. நேர்ல வந்து சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான், என் தூக்கம் போயிற்று. உடம்புக்கு ஏதாவதா, வேலை போய்விட்டதா, புருஷனோடு சண்டையா. கொழுந்து பறிக்கையில் கை தானாகப் போகும், மனசு ஜொகூரில் நிற்கும். அது போதாதென்று மழை. தாப்பா ரோட்டில் மண் சரிந்துவிட்டால்? பஸ் திரும்பிப் போய்விட்டால்? "மழைக்கும் ஓட்டு இருக்குன்னு நினைச்சுப் பேசாம படு" என்றார் இவர்.

மண் சரியவில்லை. ஓட்டுக்கு முதல் நாள் மத்தியானம் தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் இறங்கினாள், கையில் மகளைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சின்னவளுக்கு ஆறு வயது. குளிர் தாங்காமல் என் கழுத்துக்குள் மூக்கை வைத்துக்கொண்டாள். தங்கச்சி மெலிந்திருந்தாள். காலில் சப்பாத்து வெள்ளை வெளேர் என்று இருந்தது. லயத்துக்குள் நுழைவதற்குள் அது சேற்றில் புதைந்து, வீட்டு வாசலில் கழற்றும்போது நிறமே தெரியவில்லை.

வாசலில் இருந்த செருப்பைப் பார்த்தாள். "யாருதுக்கா இது?"

"உன்னோடதுதான்."

போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. வாசலில் இரண்டு எட்டு நடந்தும் பார்த்தாள். இவர்தான் உள்ளேயிருந்து, "இத்தனை வருஷமா உன் ஓட்டக் காவல் காத்தது அதான்" என்று கத்தினார்.

விஷயம் என்ன என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே. அவளும் சொல்லவில்லை. நெத்திலி சம்பல் வைத்தேன், அம்மாவுடையது மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை சோறு போட்டுக்கொண்டாள். அம்மா படுத்திருந்த அறையில் மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் படுத்தோம்.

காலையில் பள்ளிக்கு நடந்தோம். அவள் அந்தச் செருப்பில்தான் வந்தாள். கட்சிக் கூடாரங்கள் வாசலுக்கு வெளியே எதிரும் புதிருமாக நின்றன. எதிர்க்கட்சிக் கூடாரத்திலிருந்தும் எங்களுக்குக் குடிக்கச் சூடாக மைலோ கொடுத்தார்கள், எல்லாம் ஒன்றாகக் கொழுந்து பறிக்கிறவர்கள்தானே. நான் படித்த வகுப்பறைதான் ஓட்டுப்போடும் அறை. உள்ளே உட்கார்ந்திருக்கிற அதிகாரி ஐசியை வாங்கிப் பேரை உரக்கப் படிப்பார், கட்சி ஏஜெண்டுகள் கோடு போடுவார்கள். என் பேரைப் படித்தார். நான் போட்டுவிட்டு வெளியே வராமல் கதவோரம் மெதுவாகச் செருப்பு மாட்டினேன். அவள் பேரைப் படிக்கிறது காதில் விழ வேண்டும் எனக்கு. அப்பா பேரோடு சேர்த்து முழுசாகப் படித்தார். அந்தச் சுவருக்குள் அவள் பேரை வாத்தியார் கூப்பிடுவதை எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்.

வெளியே வந்ததும் சின்னவள் அம்மா விரலைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் மை வேணும் என்று அழுதாள். தங்கச்சி தன் விரலைப் பிள்ளை விரலில் தேய்த்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. திடலோரம் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கேதான் சொன்னாள்.

"இவளை அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்பு போடணும் அக்கா. வீட்டுக்குப் பக்கத்துல நல்ல தமிழ்ப்பள்ளி. பதியப் போனா விலாசம் கேக்குறாங்க. என் ஐசி கேமரன், அவரு ஐசி பினாங்கு, பிள்ள ஜொகூர். நீங்க எந்த ஊருதான்னு அந்த பள்ளி ஆபீஸ் கிராணி சிரிக்கிறாரு."

நான் செருப்பில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்தேன்.

"விலாசத்த மாத்தினா ஓட்டும் அங்க போயிடும்."

"உன் வீட்டுக்காரர் மாத்தினாப் போதாதா?"

"அவரும்தான் மாத்தறாரு. அவங்கம்மா ரெண்டு நாளா சாப்பிடல."

எனக்கு அந்தப் பினாங்கு அம்மாவைப் பிடிக்காது. என் தீபாவளிகளை எல்லாம் எடுத்துக்கொண்டவள். அன்றைக்கு முதல் தடவையாக அவள்மேல் ஒரு இரக்கம் வந்தது. அவளும் ஏதோ ஒரு வாசலில் ஏதோ ஒரு செருப்பை வைத்திருப்பாள்.

"நீ வேணாம்னா மாத்தல. ஐசி இப்படியே இருக்கட்டும். வேற பள்ளி எங்கயாவது பாக்கறேன்" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். நான் வேணாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். அந்த வார்த்தை என் நாக்கில் இருந்தது. சின்னவள் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்க்க எக்கினாள். ஜன்னல் சட்டம் எட்டவில்லை, குதித்துக் குதித்துப் பார்த்தாள்.

"மாத்துடி" என்றேன். "ஜன்னலுக்கு வெளிய நிக்கவா பெத்த?"

தங்கச்சி என் தோளில் சாய்ந்தாள். பள்ளி லீவுக்குக் கூட்டி வருகிறேன் என்றாள். சரி என்றேன். பள்ளி லீவில் அவளுக்கு லீவு இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் பஸ் ஏறும்போது வெள்ளைச் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்திருந்தேன். செருப்பு இங்கேயே நின்றுவிட்டது.

ஜொகூருக்கும் எங்களுக்கும் சட்டமன்றத் தேர்தல் ஒரே நாளில் வரும் என்று சொல்ல முடியாது என்று இவர் சொன்னார். அதிலிருந்து எனக்குப் புதுப் பழக்கம். அவள் தொகுதியில் யார் நிற்கிறார்கள், கிளைகள் யார் பேரை அனுப்பின, மேலேயிருந்து யார் பேர் வந்தது என்று இவரை போனில் தேடிப் படிக்கச் சொல்வேன். எனக்கு ஓட்டில்லாத ஊர். அந்த வேட்பாளர்கள் பேரெல்லாம் எனக்குப் பாடம். "பகாங் கதையே உனக்குத் தெரியாது, ஜொகூருக்குப் போயிட்ட" என்பார்.

இப்போது எங்கள் பக்கம் மறுபடி தேர்தல் பேச்சு வந்திருக்கிறது. போன வாரம் கட்சிப் பையன் ஒருவன் வந்தான், புதியவன்.

"இந்த வீட்டுல ரெண்டு ஓட்டுதானே அக்கா?"

"ரெண்டுதான்."

குனிந்து வாசலைப் பார்த்தான். "பொம்பளைச் செருப்பு ரெண்டு ஜோடி இருக்கே?"

"இருக்கட்டும்" என்றேன்.

அவன் போனபிறகு தங்கச்சி செருப்பைக் கழுவினேன். சின்னவளுக்கு அம்மாவுடைய பாதம்தான், இன்னும் நாலைந்து வருஷத்தில் அந்த அளவு வந்துவிடும். அதுவரை இந்த மழையில் ரப்பர் வெடிக்காமல் இருக்குமா என்றுதான் இப்போது என் கவலை.