இடது மூலை

இன்று காலை என் மடிக்கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தபோது, நேற்று ஓரமாக விட்ட ஜன்னல்கள் எல்லாம் திரையின் நடுவில் வந்து நின்றன. உடனே எனக்கு டீசலும் சூடான இரும்பும் கலந்த ஒரு வாடை அடித்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அடித்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு உருக்காலையின் எடைமேடைக்கு நான்தான் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். லாரி ஏறி நின்றால் எடை திரையில் வரும், அவ்வளவுதான். ஆனால் ராக்கெட் விட்டவன் மாதிரி திரிந்துகொண்டிருந்தேன். அந்தக் கெத்தை முதல் நாளே இறக்கியவர் எடை போடும் தேவராஜ் அண்ணன்.

"இன்னா நைனா, உன் ஜன்னலு நடுவுல வந்து குந்திக்கினு கீது. மத்தியானம் வெயிலு அது மேலயே அடிக்குது. ஒரு நம்பரும் தெர்ல."

அந்த அறையின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அவர் ஜன்னலைத் திரையின் இடது மூலைக்கு இழுத்து, ஒடுக்கி வைத்துக்கொண்டார். தினமும் இழுக்க வேண்டாமே என்று நான் ஒரு வரி சேர்த்தேன்: மூடும்போது எங்கே இருந்தாயோ, திறக்கும்போது அங்கேயே வா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் தன் வீட்டில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்த அண்ணன், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். பிறகு பக்கத்தில் பெரிய ஷெட் எழும்பி அந்த வெயிலும் மறைந்தது. ஜன்னல் மட்டும் தினமும் இடது மூலையில் ஒடுங்கியே திறந்தது. அவர் இடத்துக்கு வந்த மேரி, இது இப்படித்தான் போல என்று விட்டுவிட்டார். எனக்கோ, பார்க்கும்போதெல்லாம் யாரோ இப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்து போன மாதிரி இருக்கும். பயமாகவும் இருக்கும், ஆறுதலாகவும் இருக்கும்.

இந்த ஜன்னல், பொத்தானையெல்லாம் மென்பொருள் எழுதும் நாங்கள் வரைவதில்லை. ஃபிரேம்வொர்க் என்ற ஒன்று வரைந்து தரும். அதன் பழைய பதிப்பு இனி ஓடாது என்றார்கள். புதியதை ஏற்றினால், ஒழுகலை அடைக்க வந்த கொத்தனார் சுவரை இடித்த கதை. தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாயின. பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எல்லாவற்றையும் சரிசெய்தேன். ஜன்னல் எங்கே திறக்க வேண்டும் என்ற அந்தப் பழைய குறிப்பை மட்டும் புதியது படிக்காமலே அழித்திருந்தது. ஜன்னல் நடுவில் வந்து திறந்தது.

"இப்பதான் சார் நல்லாகீது," என்றார் மேரி. "எதுக்கு அப்டி மூலையில கெடந்துச்சினே தெர்ல."

இழுத்து அங்கே வைக்க ஒரு நொடி ஆகாது. ஆனால் அது நான் வைத்ததாகத்தானே இருக்கும். நடுவிலேயே விட்டுவிட்டேன்.

அண்ணன் இல்லை, அந்த வெயில் இல்லை, இப்போது மூலையும் காலி. இதை எழுதிக்கொண்டே பார்க்கிறேன், என் கை எப்போதோ இதை எழுதும் ஜன்னலை இடது மூலைக்கு இழுத்து ஒடுக்கியிருக்கிறது. நான் உட்காரும் இந்த இடத்தில் வெயிலே வராது.