அண்ணனுக்காக ஓடிய கணினி

கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றில் வெல்டராக இருந்த என் அண்ணனின் கையிலிருந்து ஒருநாள் வெல்டிங் குச்சியைப் பிடிக்கும் ஹோல்டர் நழுவி விழுந்தது. மறுவாரமும் விழுந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்பு நோய், குணப்படுத்த மருந்தில்லை என்று சென்னையில் டாக்டர் சொன்னார். இருவரும் எங்கள் ஊரான புதுவாயலுக்கு பஸ்ஸில் திரும்பினோம்.

நான் வேறொரு ஆலைக்கு இயந்திர வரைபடம் போடுகிறவள். அதற்காக வீட்டில் ஒரு நல்ல கணினி இருந்தது. நோயைப் பற்றித் தேடும்போது ஒரு வலையமைப்பு கண்ணில் பட்டது. உலகமெங்கும் உள்ள வீட்டுக் கணினிகள் நேரடியாக இணைந்து, மருந்து ஆராய்ச்சிக்கான பெரிய கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடுகின்றன. நம் கணினி சும்மா இருக்கும் நேரத்தைக் கொடுத்தால் போதும். அன்றே சேர்ந்தேன்.

ஒரு துண்டு முடிய மூன்று நாளாகும். காலையில் கட்டிலில் இருந்தபடியே அண்ணன் கேட்பார்.

"இன்னாம்மா, எவ்ளோ ஆச்சி?"

"அறுவது பர்சென்ட்டுண்ணா."

நூறானால் மருந்து வந்துவிடும் என்று நம்புகிறாரோ என்று பயமாக இருக்கும். திருத்தவும் வாய் வராது.

சித்திரையில் ஒரு மதியம், தொண்ணூறைத் தாண்டியிருந்தபோது கரண்ட் போனது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டதாம். இரண்டு நாள் கழித்து கரண்ட் வந்தபோது, கணக்கை முடித்து அனுப்ப அவர்கள் கொடுத்த கெடு தாண்டி, எங்கள் துண்டு வேறு யாருக்கோ போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா அழுவுற? வேற எவனாச்சும் முடிச்சிடுவான்ல?"

"நாம போட்டதெல்லாம் வீணாப் போச்சேண்ணா."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"அந்த மருந்து வர்ற வரைக்கும் நான் இருக்க மாட்டேன். எனக்குத் தெரியாதா? நீ என் மூஞ்சியவே பாத்துக்கினு குந்தினு இருந்தா பேஜாரா கீது. அதான் தெனிக்கும் கேக்குறேன்."

நான் எழுந்துபோய் அடுத்த துண்டை வாங்கி ஓடவிட்டேன்.

ஆடிக்குள் பேச்சு குழறி, பிறகு நின்றே போனது. அவர் கேட்காமலே எண்ணைச் சொல்வேன். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார்.

கார்த்திகையில் ஒரு காலை மூச்சுத் திணறியது. நெடுஞ்சாலை லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டார். நான் அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "போதும்மா, வுட்டுடு" என்றார் கூட வந்த நர்ஸ். எனக்கு விடத் தெரியவில்லை.