பீரோவுக்குள் இருந்தவன்

போன வாரம் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். பெங்களூரில் இதெல்லாம் ஒரு சங்கதியா என்று நீங்கள் கேட்கலாம். ஹெண்ணூர் பக்கம் ஓர் அபார்ட்மெண்டில், மேல்மாடி ஹாலில், ரிடையர் ஆன பெரியவர்களுக்கு ஆடச் சொல்லித்தருகிறேன். ஆட்டம் என்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளாத அளவுக்கு. அன்று காலை யாரோ வீடு காலி செய்து, சாமான்களையெல்லாம் லிஃப்டில்தான் இறக்கியிருக்கிறார்கள். கதவு மூடியதும் உள்ளே அந்துருண்டை வாசனை. பாதி வழியில் கரண்ட் போய் லிஃப்ட் நின்றது. இருட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அந்த வாசனைதான் ஆகாது.

அந்துருண்டை என்றால் உங்களுக்குப் பட்டுப்புடவை ஞாபகத்துக்கு வரும். எனக்கு ஜோகுபாளையம். அங்கே ஒரு மாவு மில்லுக்கு மேலே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான அறையில்தான் எங்கள் கம்பெனி ஆரம்பித்தது. கீழே ராகி அரைத்தால் மேலே எங்கள் தலையெல்லாம் நரைத்துவிடும். நடனக் குழுவைக் கம்பெனி என்பார்கள் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். ஸ்ரீராம்புரத்து வீட்டில் போய், "கம்பெனில சேர்ந்துட்டேன், மாசச் சம்பளம்" என்றேன். அம்மா சந்து முழுக்க ஸ்வீட் கொடுத்துவிட்டாள். அது எந்த மாதிரிக் கம்பெனி என்று விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அப்பா, நைனாவுக்குத் தெரிந்தால் மறுநாளே தன்னோடு கார்ப்பரேஷன் துப்புரவு வேலைக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

அதுவரை நான் ஆடியதெல்லாம் கோயில் திருவிழா மேடையில், சினிமாப் பாட்டுக்கு. அங்கே என்னை ஆடப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர் வசுதா. கன்னடக்காரர்; வெளிநாட்டில் நடனம் படித்துத் திரும்பியவர். கம்பெனியில் எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். எனக்கு வரவே இல்லை. மேடம் என்றால் முறைப்பார். கடைசியில் வசுதாக்கா என்பதில் இரண்டு பேரும் சமாதானம் ஆனோம்.

அவருடைய இன்னொரு சட்டம்தான் முக்கியம். "தப்பு ஆச்சுன்னா நிறுத்த வேண்டாம். அதையே ஆடுங்க. நல்லா இருந்தா வச்சுக்கலாம்." எங்கள் முதல் நடனமே அப்படிப் பிறந்ததுதான். சிவாஜிநகரிலிருந்து வரும் இம்தியாஸ், ஒத்திகையில் சிந்திக் கிடந்த ராகி மாவில் வழுக்கி மல்லாந்து விழுந்தான். வசுதாக்கா கை தட்டினார். "வச்சுக்கோ!" பிறகு எல்லோரும் அவனைப் போலவே விழப் பழகினோம். பேப்பரில் ஒருவர் அந்த விழுகையைப் பற்றி, பூமியின் இழுப்பைப் பற்றியெல்லாம் பெரிதாக எழுதியிருந்தார். பூமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் ராகி மாவு.

அடுத்து வந்ததுதான் பீரோ. இம்தியாஸ்தான் சிவாஜிநகர் குஜிரிக் கடையில், பழைய சாமான் விற்கிற இடத்தில், பிடித்துக் கொண்டுவந்தான். தகரப் பீரோ, பச்சை பெயிண்ட், உள்ளே எந்தக் குடும்பத்துடையதோ அந்துருண்டை வாசனை. குள்ளமான ஆள் நான்தான் என்பதால் உள்ளே நிற்க வேண்டியது நான். மேடையில் மற்ற நான்கு பேரும் ஒரு குடும்பமாக ஆடுவார்கள். அவர்கள் ஒளித்து வைத்திருக்கும் ஆள் நான். பாதி நடனத்தில் இம்தியாஸ் கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறப்பான். நான் வெளியே வந்து தனியாக ஆட வேண்டும்.

அந்தத் தனி ஆட்டத்தை நானே கட்டினேன். திருவிழா மேடையில் ஆடியது, வசுதாக்கா சொல்லித்தந்தது, நைனா துடைப்பத்தை வீசும் வீச்சு, எல்லாம் அதில் இருந்தது. ஒத்திகையில் அதை ஆடி முடித்ததும் வசுதாக்கா, "தும்ப சென்னாகிதே", ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. முதல் நாளுக்கு அம்மாவைக் கூட்டிவந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். கம்பெனி என்றால் என்ன என்று இன்றைக்கு அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு திமிர்.

கதவு திறக்கவில்லை. லாரியில் வந்தபோது அடி பட்டு, கைப்பிடி நெளிந்திருக்கிறது. எனக்கான இசை ஆரம்பித்தது. இம்தியாஸ் திருகுவது உள்ளே கேட்கிறது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. மூச்சு முட்ட, முதலில் மெதுவாகத் தட்டினேன். பிறகு உள்ளங்கையால் அடித்தேன், முழங்கையால் இடித்தேன். "திறங்கடா" என்று கத்தினேன். வெளியே அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தப்பு நடந்தால் அதையே ஆட வேண்டுமே! நான் அடிக்க அடிக்க, அதற்குப் பதிலாகத் தரையில் காலால் அடித்து ஆடினார்கள். என் இசை முடிந்தது. விளக்கு அணைந்தது. மண்டபமே அதிர்கிறாற்போல் கைதட்டல்.

பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய், ஒரு கம்பியை விட்டு நெம்பித் திறந்தார்கள். நான் இம்தியாஸின் மேலேயே விழுந்தேன். வசுதாக்கா கண்ணெல்லாம் தண்ணீராக ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"என்ன ஒரு விஷயம் பண்ணிட்டே! கதவு திறக்கவே வேண்டாம். இதையே வச்சுக்கலாம்."

வெளியே அம்மா என் கையைப் பிடித்தாள். "நீ மேடைக்கு எப்படா வந்தே? கண்ணுல படவே இல்லியே?"

"பீரோவுக்குள்ள இருந்தேம்மா."

"அந்தச் சத்தம் நீயாடா?" அவள் முகமே மாறிவிட்டது. "யாரோ உள்ள மாட்டிக்கினு கத்தறாங்க, தொறங்கய்யான்னு நான் எழுந்து நின்னுட்டேன். பக்கத்துல ஒரு அம்மா, அதெல்லாம் டான்ஸு, உக்காருங்கன்னு கைய புடிச்சு இழுத்துட்டாங்க."

அதற்குப் பிறகு கம்பெனி வளர்ந்த கதையை ஊரே சொல்லும். பீரோவைப் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். ஐ.டி. கம்பெனி விழாக்கள், டெல்லி, அப்புறம் வெளிநாடு. சிமெண்ட் தரை போய் மரத்தரை வந்தது. அதன் மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு வந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, வாசலில் செக்யூரிட்டி. ஒத்திகைக்கு வர நேரமில்லாமல் வசுதாக்கா மீட்டிங்குகளில் இருந்தார். வீட்டில் என் சம்பளத்தில் தளம் போட்டார்கள், தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. எல்லாம் அந்த இருட்டுக்குள் நான் நின்றதால்தான். எப்படி வெளியே வருவது, சொல்லுங்கள்.

ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "அக்கா, எனக்கு உள்ள நெஜமாவே பயமா இருக்கு. ஒரு தடவ அந்தப் பழைய ஆட்டத்த வெளிய ஆடிக்கிறேனே."

அவர் என் தோளைத் தட்டினார். "நெஜமா பயப்படறே, அதனாலதானே ஒர்க் ஆகுது."

விமானத்தில் கொண்டுபோக வசதியாக ப்ளைவுட்டில் லேசாக ஒரு பெட்டி செய்தார்கள். எனக்குள் ஒரு சின்ன நிம்மதி. உள்ளே சந்து வழியாகக் காற்று வந்தது, வெளிச்சம்கூட வந்தது. ஆனால் என் அடியில் உயிர் இல்லை என்று வசுதாக்கா இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டார். யோசித்துப் பார்த்து, சந்துகளை அடைக்கச் சொன்னார். பிறகு, கடையிலிருந்து ஒரு பாக்கெட் அந்துருண்டை வாங்கிவரச் சொல்லி உள்ளே போட வைத்தார். பயம் திரும்பி வந்துவிட்டது. கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. இம்தியாஸ் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மச்சா, என்னை மன்னிச்சுடு" என்றான். அவன் என்ன செய்வான் பாவம். அடுத்த மாதம் கம்பெனியை விட்டுப் போய், அண்ணன் துணிக்கடையில் உட்கார்ந்துகொண்டான்.

என் முட்டி வீங்கிப்போன காலத்தில் எனக்குப் பதிலாக ஒரு பெண்ணைத் தயார்செய்தார்கள். முதல் நாள் வீடியோவைப் பார்த்து என் தவிப்பை எட்டு எட்டாகப் பிரித்து எண்ணிக்கை போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு உள்ளங்கை, ஒரு முழங்கை, நிறுத்து, மூச்சு. அதை அவளுக்குச் சொல்லித்தர வேண்டியவன் நான். அவள் சீக்கிரமாகவே கற்றுக்கொண்டாள். என் பயத்தை என்னைவிட அழகாக ஆடினாள்; அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒத்திகை முடிந்ததும் பெட்டியிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். எனக்கு அழுகை வந்தது.

அன்று எல்லோரும் போன பிறகு, காலியான அந்தப் பெரிய தரையில் என் தனி ஆட்டத்தை ஆடிப் பார்த்தேன். முதல் வீச்சு வந்தது. அதற்கு மேல் எதுவும் ஞாபகம் இல்லை. இத்தனை வருஷமாக நிற்கத்தானே பழக்கியிருக்கிறேன், உடம்பு என்ன செய்யும்? மறுநாள் நான் போகவில்லை.

சரி, லிஃப்டுக்கு வருகிறேன். அலாரம் பட்டன் வேலை செய்யவில்லை, போனில் சிக்னல் இல்லை. கதவை ஓங்கி அடித்தேன். இரண்டு உள்ளங்கை, ஒரு முழங்கை, நிறுத்தம், மூச்சு. திரும்ப அதே. வேண்டுமென்றே வேறு மாதிரி அடித்துப் பார்த்தேன், கை கேட்கவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டு வருகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, தாளம் மட்டும் பிசகாமல் விழுகிறது. கேட்க நன்றாகவே இருந்தது, அந்தக் கண்ணராவியையும் சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் வந்து, லிஃப்ட் கீழே இறங்கிக் கதவு திறந்தபோது வாட்ச்மேன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் கோலத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தார்.

"அய்யோ, உள்ள நீங்களா சார்? சத்தம் கேட்டுச்சு. மேல உங்க கிளாஸ் ஆரம்பிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

கோபம் வரவில்லை. அவர் மேல் என்ன தப்பு? சாயங்காலம் ஜோகுபாளையம் வழியாகத்தான் வந்தேன். மாவு மில் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். மேலே ஒரு ஜிம். கம்பெனியைக் கலைத்துவிட்டு வசுதாக்கா வெளிநாட்டுக்கே போய்விட்டார். பச்சைப் பீரோவை யார் எடைக்குப் போட்டார்களோ தெரியாது. அதெல்லாம் போனது போகட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இது ஆட்டமில்லை என்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றவள் ஒருத்திதான். அவளும் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.