சுடுமண்ணில் குதிரைமுடி

சித்திர ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் மண்பாண்டம் செய்யப் பழகினேன். வீடு உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில். பின்வளவில் ஒரு சின்ன எரிவாயுச் சூளை போட்டிருந்தேன். சாடியில் குதிரைமுடியால் கோடு விழுத்தும் முறையைக் கைபேசியில் பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. தேய்த்து மினுக்கிச் சுட்ட சாடியைச் சூடு ஆறுமுன் வெளியே எடுத்து, அதன்மேல் முடியை இழை இழையாக விட வேண்டும். பட்டவுடன் முடி சுருண்டு கருகி, கரிய கோடாகப் பதிந்துவிடும். அது எங்கே வளையும், எங்கே அறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திருகோணமலையில் மான்கள் தெருவிலேயே படுத்திருக்கும். குதிரைக்கு எங்கே போவது? நிலாவெளிக் கடற்கரையில் கிண்ணியா ஊர்க்காரர் ஒருவர் தன் ஒற்றைக் குதிரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போவார். தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன்.

“வெட்டித் தரமாட்டன் டீச்சர். சீப்புப் போடேக்க உதிர்றத எடுத்து வைக்கிறன்,” என்றார்.

இரண்டு வருடம் தவறாமல் முடி வந்தது. என்ன கொடுத்தாலும் வாங்கமாட்டார். அண்ணன் முறையில் அவரை ‘நானா’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

போன மாரியில் அந்தக் குதிரை வயிற்று நோவில் இறந்துபோனது. மூன்றாம் நாள் அவர் வந்தார். கையில், துணியில் சுற்றிய வால்முடி.

“ஒரு சாடி செஞ்சு தாங்க டீச்சர். வீட்ட வைக்க.”

எனக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ சாடிகளைப் பாழாக்கியவள் நான். அவருக்கென்று செய்த முதல் சாடி, முடி வைக்குமுன்பே வெடித்தது. “முடி அப்பிடியே கிடக்குதானே, ஆறுதலாச் செய்யுங்க,” என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

அடுத்த கிழமை இரண்டாவது சாடியை இடுக்கியால் தூக்கிச் செங்கல்லில் வைத்தேன். பக்கத்தில் நின்ற அவரிடம் முடியை நீட்டினேன்.

“நானா, நீங்களே வையுங்கோ.”

“எனக்கு இது தெரியாதே.”

“எங்க விழும் எண்டு எனக்கும் தெரியாது. வையுங்கோ.”

தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு வைக்கத் தொடங்கினார். கருகும் மணத்துக்கு அவர் முகத்தைத் திருப்பவில்லை. திடீரென்று துறைமுகப் பக்கமிருந்து காற்று அடித்தது. ஒரு கொத்து முடி அப்படியே ஒரு பக்கத்தில் ஒட்டிச் சிக்கலாய்ப் பதிந்தது. மறுபக்கம் கிட்டத்தட்ட வெறுமை. என் சாடியாக இருந்தால் ஒதுக்கிப் போட்டிருப்பேன்.

ஆறியதும் அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு டீச்சர்.”

பிறகு கதிரையில் இருந்து அழுதார். தேநீர் போடுகிறேன் என்று குசினிக்குள் போனவள், நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

இப்போது அவர் ஓட்டோ ஓட்டுகிறார். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தருவார். பிழைப்பும் துணையும் ஒன்றாகப் போன நேரத்தில் என் கையை நம்பி வந்த மனிதர். அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. சொன்னால், “விடுங்க டீச்சர்” என்று ஓட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.