லிஃப்ட்காரரின் முன் பிரேக்

அந்தத் தெருவில் லிஃப்ட்காரர் என்று கேட்டால்தான் அவர் வீட்டைக் காட்டுவார்கள். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்று யாராவது மாட்டிக்கொண்டால், பைக்கில் பறந்து போய்க் கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார்.

"பயப்படாதீங்க. கயிறே அறுந்தாலும் இது கீழே விழாது. தானா பிடிச்சுக்கிற பிரேக் இதுக்குள்ளேயே இருக்கு."

அந்தக் குரலைக் கேட்டதுமே உள்ளே இருப்பவர்களுக்குப் பாதி உயிர் திரும்பிவிடும்.

ஆனால் பைக் விஷயத்தில் மனுஷன் அப்படியே தலைகீழ். எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் பிரேக் வைத்த புது வண்டி தருகிறோம் என்று கம்பெனியில் சொன்னபோது வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். "பிரேக் பிடிக்கிறது விரலோட வேலை. அதையும் மெஷின் பார்த்துக்கிட்டா நான் எதுக்கு? மூட்டை மாதிரி மேல உட்கார்ந்து போகவா?"

ஒரு மழைக்காலையில் முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. விரல் தன் வேலையைச் செய்தது; பதற்றத்தில் கொஞ்சம் கூடுதலாகவே செய்தது. முன்சக்கரம் சுழலாமல் இறுகி வழுக்க, வண்டி ஒரு பக்கம் போக, இவர் ஒரு பக்கம் போய் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. பழைய வண்டி பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்றார் பைக் மெக்கானிக்.

வலது கை கழுத்தில் கட்டிய தூளிக்குள் போனது. கம்பெனி இவரைக் கேட்காமலே ஏபிஎஸ் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டது. சில வாரங்களில் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சிக்கலான பழுது என்றால் பக்கத்தில் நின்று வாயால் வேலை வாங்கலாமே என்று தோன்றியது. ஆனால் போவது எப்படி?

"நான் கொண்டுபோய் விடறேன்," என்றாள் மனைவி. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். பைக் ஓட்டும் லைசென்ஸ் அவளிடம் எப்போதிருந்தோ இருந்தது. ஓட்டத்தான் இவர் விட்டதில்லை.

பின்சீட்டில் உட்கார்ந்தது அவருக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கால் தானாகவே பிரேக்கைத் தேடி அழுத்தியது.

"எதுக்கு என் காலை மிதிக்கறீங்க? பிரேக் என்கிட்ட இருக்கு."

"வேகத்தைக் குறை."

"இதுக்கு மேல குறைச்சா இறங்கித் தள்ளத்தான் வேணும்."

இரண்டாவது வாரம், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, சந்திலிருந்து ஒரு கார் பின்பக்கமாகவே சாலைக்கு வந்துவிட்டது. அவள் இரண்டு பிரேக்கையும் உயிரைக் கொடுத்து இறுக்கினாள். போச்சு, இன்னொரு எலும்பு என்று இவர் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி கடகடவென்று அதிர்ந்தது, ஆனால் சாயவில்லை. கண்ணைத் திறந்தபோது காரின் பின்விளக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இருவரும் நேராக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்க இது, பிரேக் கைக்குள்ளேயே துடிக்குது! உடைச்சுட்டேனா?"

அதே பிடியைத் தன் பழைய வண்டியில் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் தோளுக்கே தெரிந்திருந்தது. "உடையலை," என்றார். "அது அப்படித்தான் வேலை செய்யும்."

அடுத்த நாளே அவர் பக்கமும் ஒரு நியாயம் கிடைத்தது. கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் ஜல்லிச் சரிவில் அவள் அதே நம்பிக்கையோடு இறங்கிப் பிரேக்கை இறுக்கினாள். வண்டி நிற்கும் பாடாக இல்லை. உருண்டுகொண்டே போய் மணல் குவியலில் மூக்கைச் செருகித்தான் நின்றது. அடி ஏதும் இல்லை.

"பார்த்தியா!" அவர் குரலில் கிட்டத்தட்ட சந்தோஷம். "ஜல்லியில இது பிடிச்சுப் பிடிச்சு விடும். நிக்க நேரமாகும். இங்கெல்லாம் ஆரம்பத்துலேயே மெதுவா வரணும்."

"சரி, சொல்லிட்டீங்கல்ல, இனிமே மெதுவா வரேன். அதுக்காக அந்த பிரேக்கே வேண்டாம்னு சொல்லாதீங்க," என்றாள் அவள், தலைமுடியிலிருந்து மணலைத் தட்டியபடி.

கட்டு அவிழ்த்த பிறகு அவர் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்தாள். நாலு சிக்னல் தாண்டியதும் கண்டுபிடித்துவிட்டாள்.

"முன் பிரேக்கைத் தொடவே மாட்டேங்கறீங்களே?"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். "தொட்டா விழுந்துடுவேன்னு கை சொல்லுது. நானும் எத்தனையோ சொல்லிப் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்குது."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. அவள் கேலி செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும், சந்தைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த சிமெண்ட் தரைக்கு அவரைக் கூட்டிப்போனாள். கொஞ்சம் தள்ளிப் போய்க் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள்.

முதல் தடவை விரல் லிவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவதில் வண்டி அவளைத் தாண்டியே போய்விட்டது.

"லிஃப்ட்ல மாட்டினவங்க முகம் தெரியாத உங்க குரலை நம்பறாங்க," என்றாள் அவள். "அவங்களுக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? பயந்துக்கிட்டேதான் நம்பறாங்க. நீங்களும் பயந்துக்கிட்டே பிடிங்க."

அவர் திரும்பிப் போனார். வேகம் எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முழுதாக இறுக்கினார். லிவர் கைக்குள் படபடவென்று எதிர்த்து உதைத்தது; ஈரத் தரையில் வண்டி கோடு போட்டது போல நேராக வந்து நின்றது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் ஏதோ கேட்பதற்குள் மறுபடி போய்விட்டார்.

அன்று எத்தனை தடவை பிடித்திருப்பார் என்று கணக்கே இல்லை. சாக்கடையை மூடியிருந்த இரும்புத் தகட்டின் மேலும் வேண்டுமென்றே ஏற்றி ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்த்தார். பின்சக்கரம் ஒரு நொடி வழுக்கியது. மீட்டரில் மஞ்சள் விளக்கு மினுங்க, எஞ்சினின் இழுவை தானாகக் குறைந்து சக்கரம் நிதானத்துக்கு வந்தது. "அட, இதுக்கும் ஒண்ணு வச்சிருக்கான்!" என்று கத்தினார்.

மறுவாரமே கம்பெனியில் பேசி, மற்ற இரண்டு மெக்கானிக்குகளின் பழைய வண்டிகளையும் மாற்ற வைத்தார். சாவியைக் கொடுக்கும்போதே, "ஜல்லியில மட்டும் இதை நம்பிப் பாயாதீங்க. வளைவுல வேகத்தை நீங்கதான் குறைக்கணும், அதுக்கு மெஷின் பொறுப்பில்லை," என்றும் சொல்லிவைத்தார்.

வீட்டில்தான் புதுத் தகராறு. தைத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வண்டி வேண்டும் என்று வாரத்தில் இரண்டு நாள் அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு அது மூன்றானது. நேற்றுக் காலை நல்ல மழை. அவர் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"பஸ்ல போயிடுங்க, நேரம் இருக்கு," என்று குரல் மட்டும் வந்தது.

"ஏய், முன்னால வேன் போனா இடம் விட்டுப் போ!" என்று வாசல் வரை ஓடிவந்து கத்தினார் லிஃப்ட்காரர். பிறகு ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.